பஞ்சாரத்தைத் தூக்கிய நாள்

எங்கள் வீட்டு அடைக்கோழி அந்த வருடம் பொரித்த குஞ்சுகளில் பாதி அதன் சொந்தக் குஞ்சுகள் அல்ல. கோழிக்கு அது தெரியாது. வீட்டில் தெரிந்தவர்கள் ஐந்து பேர். அதில் வாயை மூடிக்கொள்ளத் தெரியாத ஒருத்தி நான்.

சுருளிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் திராட்சைத் தோட்டம் இருந்தது. அதை அப்பா பார்த்துக்கொண்டார். சித்தப்பா கேரளத்து ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை பார்த்தார். திங்கட்கிழமை விடியலில் ஜீப்பில் மலையேறினால் சனிக்கிழமை சாயங்காலம்தான் இறங்குவார். வெறுங்கையோடு இறங்கியது கிடையாது. பலாப்பழமோ காட்டு நெல்லியோ ஏதாவது ஒன்று பையில் இருக்கும். கார்த்திகை மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவருடைய சோற்றுத் தூக்குவாளியில், காய்ந்த புல்லுக்கு நடுவே, வெளிறிய சந்தன நிறத்தில் நாலு முட்டைகள் இருந்தன.

"காட்டுக்கோழி முட்டை, மதினி. களை வெட்டையில கூட்டையே மிதிச்சிருப்பேன். தாய்க்கோழி எந்திரிச்சுப் போனது போனதுதான், திரும்பவே இல்லை" என்றார் அம்மாவிடம்.

அம்மா அதைப் பொரிப்பதா வேகவைப்பதா என்று கேட்டாள்.

"அய்யய்யோ, அடை வைங்க. ஒரே ஒரு சேவல் தேறட்டும். இந்த ஊர்ல எந்தச் சேவல் அது முன்னால நிக்கிதுன்னு பாப்போம்."

அப்பா மட்டும் முனகினார். "ஏலே, பாரஸ்ட்காரவுக பாத்தா தூக்கி உள்ள வச்சிருவாகலே."

"நம்ம வீட்டுக்குள்ள வந்து எவன் கோழியை எண்ணப் போறான்ணே?" என்று சித்தப்பா சிரித்தார். தை மாதத்துக்குள் பாரஸ்ட்காரர் ஒருவர் எங்கள் வீட்டுக்குள் வரப்போகிறார், அதுவும் நாங்களே வாங்க வாங்க என்று கூப்பிட்டு ஜமக்காளம் விரித்து உட்கார வைக்கப் போகிறோம் என்பது அவருக்கு அப்போது தெரியாது.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் கடைசித் தங்கை. தாய் தகப்பன் போன பிறகு அப்பாதான் அவளை வளர்த்தார். தினமும் பஸ்ஸேறிக் கல்லூரிக்குப் போய் விலங்கியல் படித்தாள். அது கடைசி வருடம். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில் படித்தவளுக்குப் புத்தகமெல்லாம் ஆங்கிலத்தில் கொடுத்திருந்தார்கள். ஒரு பத்தியைப் படித்துவிட்டு, அதைத் தமிழில் உரக்கச் சொல்லிப் பார்த்தால்தான் அவளுக்கு மண்டையில் ஏறும். சுவரைப் பார்த்துச் சொல்ல வெட்கம். அதனால் என்னைக் கொல்லையில் துவைக்கிற கல்லில் உட்காரவைத்து, கிணற்றைச் சுற்றி நடந்துகொண்டே சொல்லுவாள். எனக்கு அப்போது பத்து வயது. வகுப்பில் கேள்வி கேட்டால் முன்னால் இருப்பவளின் முதுகுக்குப் பின்னே குனிந்துகொள்கிற பிள்ளை நான். தவளையின் இதயத்தில் மூன்று அறை என்பதெல்லாம் எனக்குப் பாட்டு மாதிரி காதில் விழுந்து கொண்டிருந்தது. புரிந்ததா என்று அவள் கேட்டதும் இல்லை.

மார்கழியில் குஞ்சுகள் பொரிந்த பிறகுதான் பாடம் எனக்குப் பிடித்தது.

நாட்டுக்கோழிக் குஞ்சுகள், குருணையைக் கையில் வைத்தால் விரலைக் கொத்தும். காட்டுக் குஞ்சுகள் நாலும் என் நிழல் விழுந்தாலே தரையோடு தரையாக ஒட்டிக் காய்ந்த இலை மாதிரிக் கிடக்கும். பஞ்சு உடம்பு மாறும் முன்பே அவற்றுக்கு றெக்கைச் சிறகு முளைத்துவிட்டது. ஒருநாள் காலையில், கோழிகளைக் கவிழ்த்து மூடிவைக்கிற பஞ்சாரக் கூடையைத் திறந்தால், ஒன்று விர்ரென்று எழுந்து கிணற்றுச் சுவரில் போய் உட்கார்ந்தது. கூடப் பிறந்த நாட்டுக் குஞ்சுகள் கீழே குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தன. நான் கத்திய கத்தலில் அத்தை புத்தகத்தோடு ஓடி வந்தாள். அந்தக் குஞ்சைத் துண்டு போட்டுப் பிடித்து, அதன் றெக்கையை விசிறி போல விரித்துக் காட்டினாள்.

"பாரு, குட்டையா, வட்டமா இருக்கா? காடுன்னா நெருக்கமா மரம், கொடி, புதர். அங்கன நீட்டு றெக்கை இருந்தா கொப்புல அடிபட்டே சாகும். இதுக்குத் தூரம் போக வேண்டியதில்லை. கீரியோ நரியோ வந்தா சட்டுன்னு ஒரு கொப்புக்கு எந்திரிக்கணும். அந்த ஒரு மூச்சுக்குத்தான் இந்த றெக்கை."

"அப்பப் பருந்து?"

"அது வெட்டவெளியில வட்டம் போடுறது. காத்து மேலயே படுத்துக்கிட்டுப் போகணும். அதான் நீளமா, அகலமா."

"நம்ம கோழி ஏன் பறக்க மாட்டேங்குது?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். புத்தகத்தில் இருந்ததைத் தமிழாக்கிக் கொண்டிருந்தாள் என்று இப்போது நினைக்கிறேன். "அதுவும் காட்டுல இருந்து வந்ததுதான். மனுசன் பிடிச்சாந்து, கனத்ததா, முட்டை நெறைய போடுறதா, கைக்கு அடங்குறதாப் பாத்துப் பாத்துப் பெருக்கிட்டான். ஆயிரக்கணக்கான வருசம். எங்கயோ கடலுக்கு நடுவுல தீவு இருக்காம். அங்கன பிடிச்சுத் திங்க ஒரு மிருகமும் இல்லை. பறந்துபோன பறவைகதான், அங்கனயே தங்கி, தலைமுறை தலைமுறையா றெக்கை சிறுத்துப் பறக்கவே முடியாமப் போயிருச்சு."

அன்றிலிருந்து நான் எதைப் பார்த்தாலும் றெக்கையைத்தான் பார்த்தேன். வானத்தை விட்டு இறங்காத உழவாரன் குருவியின் அரிவாள் றெக்கை, வயலில் மெதுவாக எழும்புகிற கொக்கின் பெரிய றெக்கை. எந்தப் பறவை எங்கே வாழும் என்று அதன் றெக்கையை வைத்து நான் சொல்ல, சரி என்றோ தப்பு என்றோ அத்தை சொல்லுவாள். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஒரு விஷயம் முழுதாகத் தெரிந்திருந்தது. அதைச் சொல்ல ஆள்தான் இல்லை.

பொங்கல் கழிந்து அத்தைக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு ஆண்டிபட்டிப் பக்கம் சொந்த ஊர். வேலை வனத்துறையில், பாரஸ்ட் கார்டு. கவர்மெண்டு உத்தியோகம் என்றதும் அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மாசியிலேயே கல்யாணத்தை முடிக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அத்தைக்குப் பரீட்சை சித்திரையில்.

"பரீட்சை முடியட்டுமேண்ணே" என்று அத்தை ஒரே ஒரு தடவை சொன்னாள்.

"கல்யாணத்துக்கப்பறம் எழுதிக்கயேன். வேணாம்னா சொல்லப் போறாக?" என்றார் அப்பா. அம்மா முறத்தில் இருந்த அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம்தான் எல்லோருக்கும் கோழி ஞாபகம் வந்தது. காட்டுக்கோழியை வீட்டில் வளர்ப்பது குற்றம். அதுவும் பாரஸ்ட்காரரையே மாப்பிள்ளையாக்கப் போகிற வீட்டில். குஞ்சுகளைத் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று சித்தப்பா சொன்னார்.

"தாயை விட்டுப் பிரிச்சா செத்துப் போகும்ணே" என்றாள் அத்தை. "பஞ்சாரத்துல மத்ததோட போட்டு மூடி வைப்போம். கோழின்னா கோழிதான். யாரு வந்து பாக்கப் போறாக?"

படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அப்பாவும் விட்டுவிட்டார்.

பெண் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னாள்: "வந்தவுக எது கேட்டாலும் கோழியைப் பத்தி மூச்சு விடக் கூடாது. விட்டே, தோலை உரிச்சிருவேன்." அவள் இழுத்த இழுப்பில் என் புருவம் மேலே ஏறியிருந்தது. நான் சத்தியம் செய்தேன். அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றவும்தான் நினைத்திருந்தேன்.

அவர்கள் நாலு பேர் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, அக்கா வீட்டுக்காரர். மாப்பிள்ளை காக்கிச் சட்டையில் வருவார் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு வெள்ளைச் சட்டை ஏமாற்றமாக இருந்தது. மெலிந்த மனிதர், யாரும் கேட்காமல் பேசவில்லை. கேசரியும் பஜ்ஜியும் வந்தன. அத்தை காப்பித் தட்டோடு வந்து கும்பிட்டுவிட்டு, பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில்.

மாப்பிள்ளையின் அப்பா நல்ல பேச்சுக்காரர். "காலேசுல என்னத்தா படிக்கிறே?" என்று கேட்டார்.

"விலங்கியல்."

"மாடு கன்னப் பத்தியா? அதுக்கு எதுக்குக் காலேசு? நம்ம தொழுவத்துல இல்லாததா?" என்று அவர் சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். அப்பா கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார்.

அத்தையும் லேசாகச் சிரித்தாள். பிறகு என் முதுகில் கை வைத்தாள். "எங்க அண்ணன் மகளுக்கே எல்லாம் தெரியும், மாமா. இவகிட்டக் கேளுங்க. சொல்லுத்தா, கோழிக்கும் பருந்துக்கும் றெக்கை ஏன் வேற வேற மாதிரி இருக்கு?"

பத்து வருடமாக எனக்குக் கிடைக்காத மேடை அது. எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன். காட்டைச் சொன்னேன், கொப்பைச் சொன்னேன், வெட்டவெளியைச் சொன்னேன். கடல் நடுவே தீவைச் சொன்னபோது மாப்பிள்ளை தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அக்கா வீட்டுக்காரர் பஜ்ஜியைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். சித்தப்பா பெருமையில் தொடையைத் தட்டினார்.

"அடேயப்பா!" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "ஆனா கோழி எங்கத்தா பறக்குது? அது குதிக்கும், அம்புட்டுத்தான்."

"வீட்டுக்கோழிதான் தாத்தா பறக்காது. காட்டுக்கோழி பறக்கும்."

"நீ என்னத்தக் கண்டே?"

"குஞ்சிலேயே பறக்குமே. நான் பாத்தேன்."

"எங்கன பாத்தே, கனவுலயா?"

அம்மாவின் முகம் அடுப்படி வாசலில் தெரிந்தது. நான் உட்காரப் போனேன். அந்த மட்டில் உட்கார்ந்திருந்தால் எதுவும் நடந்திருக்காது. ஆனால் அவர் விடவில்லை. விளையாட்டாகத்தான் விரலை ஆட்டினார். "பாத்தியா, பொய்யி! பொம்பளப்புள்ள இப்படி வாய்கூசாமப் பொய் சொல்லலாமாத்தா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். "புஸ்தகத்துல படம் பாத்துட்டு உளறுது" என்றார். நான் அத்தையைப் பார்த்தேன், அவளாவது உண்மை என்று சொல்லுவாள் என்று. அவள் தலையைக் குனிந்து பாயின் கோரையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்.

நான் கொல்லைக்கு ஓடினேன். பின்னால் அம்மா "ஏய், ஏய்" என்று வந்தது கேட்டது. இரண்டு கையாலும் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டேன்.

இருட்டில் அடைந்து கிடந்த குஞ்சுகள் வெளிச்சத்தையும் துரத்தி வந்த அம்மாவையும் ஒன்றாகப் பார்த்து மிரண்டன. காட்டுக் குஞ்சுகளில் இரண்டு நேரே முருங்கை மரத்துக்கு ஏறின. ஒன்று ஓட்டுக் கூரைக்கு. நாலாவது, திறந்திருந்த கதவு வழியாக வீட்டுக்குள் பாய்ந்து, உட்கார்ந்திருந்தவர்களின் தலைக்கு மேலே ஒரு கோடு இழுத்த மாதிரிப் போய், பீரோ மேல் நின்றது. அதை மீட்க அடைக்கோழி கொக்கரித்துக்கொண்டு ஜமக்காளத்துக்குள் இறங்கியது. காப்பி டம்ளர்கள் உருண்டன. மாப்பிள்ளையின் அம்மா பட்டுச்சேலையைச் சுருட்டிக்கொண்டு நாற்காலி மேல் ஏறிவிட்டார்.

"பாத்தீகளா? பறக்குதுல்ல?" என்று நான் வாசற்படியில் நின்று கத்தினேன். "சித்தப்பா மலையிலருந்து கொண்டாந்த முட்டை!"

அடைக்கோழி மட்டும் கொக்கரித்துக்கொண்டே இருந்தது.

மாப்பிள்ளைதான் எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, பீரோ மேலிருந்த குஞ்சைப் பதமாக மூடிப் பிடித்தார். நெஞ்சிலிருந்த வெள்ளைக் கீற்றுகளைப் பார்த்தார். அவர் பார்த்த விதத்திலேயே தெரிந்துகொண்டார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கொல்லைக்குக் கொண்டுவந்து, கையைத் திறந்தார். அது முருங்கைக்குப் போனது.

"நீ சொன்னது எல்லாம் சரிதான் பாப்பா" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார். அன்று அதைச் சொன்ன ஒரே ஆள் அவர்.

உள்ளே அவருடைய அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுவிட்டார். "பையன் உத்தியோகத்துக்கே உலை வச்சிருப்பீகளே! நாளைக்கு ஒருத்தன் மொட்டைக் கடுதாசி போட்டா என்ன ஆகும்? தெரிஞ்சே மறைச்சு வச்சுக்கிட்டு எங்களை உக்காரவச்சு கேசரி போடுறீக!" அப்பா கையைக் கூப்பினார். சித்தப்பா அந்த இடத்திலேயே இல்லை. மறுநாள்தான் தெரிந்தது, அடுத்த ஜீப்பில் எஸ்டேட்டுக்கே ஏறிவிட்டார் என்று. வந்தவர்கள் தட்டில் இருந்த வெற்றிலையைத் தொடாமல் போனார்கள். மாப்பிள்ளை மட்டும் வாசலில் ஒரு நிமிடம் நின்று, அப்பாவிடம், குஞ்சுகளை இனிப் பிடிக்க வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கேஸ் எதுவும் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து வேறு எதுவும்கூட வரவில்லை.

அப்பா அதுவரை என்னை அடித்ததில்லை. அன்று அடித்தார். ஒரே அடி, கன்னத்தில். வலித்ததைவிட, அடித்துவிட்டு அவர் போய்த் தூணில் சாய்ந்து கண்ணைத் துடைத்ததுதான் என்னைக் கொன்றது. நான் மாட்டுத்தொழுவத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அத்தை வந்தாள். பெண் பார்க்கக் கட்டிய அதே சேலை. என் கன்னத்தில் விரல் பதிந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

"மன்னிச்சுருங்க அத்தை. இனிமே பேச மாட்டேன்" என்றேன்.

அவள் மறுகையால் என் வாயைப் பொத்தினாள். அதை நான் அவளுடைய கோபம் என்று எடுத்துக்கொண்டேன்.

தெருவில் எனக்குக் 'கோழி டீச்சர்' என்று பெயர் வந்தது. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பெண்கள், "என்ன டீச்சர், இன்னைக்கு யாரு வீட்டு சம்பந்தம் பறக்கப் போகுது?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நான் குடத்தைப் போட்டுவிட்டு வந்துவிடுவேன். பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்தாலும் கை தூக்கவில்லை. கொல்லைப் பாடமும் நின்றுபோனது. அத்தை சுவரைப் பார்த்தே படித்துக்கொண்டாள். நாங்கள் இருவரும் ஒரே வீட்டில், ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்காமல் வெகுநாள் இருந்தோம். அவள் பார்க்காததற்கு நான்தான் காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அத்தை சித்திரையில் பரீட்சை எழுதினாள். தேறினாள். பி.எட். முடித்து, தேனிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சில வருடம் கழித்து, கூட வேலை பார்த்த ஒருவரோடு கல்யாணம் நடந்தது. மணவறைக்குப் பக்கத்தில் போகவே பயந்து நான் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சொந்தக்காரர்கள் கூடினால் யாராவது ஒருவர், "முந்தி ஒரு நல்ல எடம் வந்துச்சே, அந்தப் பையன் இப்ப ரேஞ்சர் ஆபீசுல இருக்கானாம்" என்று ஆரம்பிப்பார்கள். நான் எழுந்து போய்விடுவேன். ஒரு நல்ல மனிதரையும் ஒரு நல்ல இடத்தையும் என் நாக்கால் கெடுத்தேன் என்பது என் உடம்போடு சேர்ந்தே வளர்ந்தது.

பத்து வயதில் எனக்குத் தோன்றாத ஒன்று இருந்தது. அன்றைக்கு அத்தை எதை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். தவளையின் இதயத்தைக் கேட்டிருக்கலாம், மீனின் செவுளைக் கேட்டிருக்கலாம். மாப்பிள்ளையின் அப்பா செய்த கேலிக்கு அவளே பதில் சொல்லியிருக்கலாம். கோழியைத்தான் கேட்டாள், என்னிடம்தான் கேட்டாள்.

அது எனக்குத் தோன்றியது, அதே கூடத்தில் நானே பட்டுச்சேலை கட்டித் தலை நிறையப் பூவோடு உட்கார்ந்தபோது. நான் படித்த எம்.எஸ்சி. முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. வந்தவர்கள் வரும் ஆவணியிலேயே முடித்துவிடலாம் என்றார்கள். அப்பா தலையை ஆட்டினார். படிப்பு முடியட்டும் என்ற இரண்டு வார்த்தையை என்னால் சொல்ல முடியவில்லை. தலையைக் குனிந்தபடியே கண்ணை மட்டும் ஓட்டினேன். கூட்டத்தில் ஒரு ஓரமாக அத்தையின் ஐந்து வயது மகள் கேசரியை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன கேட்டாலும் பட்டென்று சொல்லிவிடுகிற பிள்ளை. என் பார்வை அவளிடம் போய் நின்றுவிட்டது.

நிமிர்ந்தபோது அடுப்படி வாசலில் அத்தை நின்றிருந்தாள். நான் யாரைப் பார்த்தேன் என்பதை அவள் பார்த்துவிட்டாள். அவள் முகம் கறுத்தது. மெதுவாக வந்து மகளின் கையைப் பிடித்து எழுப்பி, யாரையும் பார்க்காமல் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.